சும்மா

பெயர் வைக்க வேண்டியிருந்தது.
இறால் உரிக்கும் கொட்டகையில் ஆறு கேமரா.
கை அசைந்தால் பச்சை,
நாற்பது நொடி அசையாவிட்டால் சிவப்பு.
சிவப்புக்கு ஒரு தமிழ்ச்சொல் போடு என்றார் ஜெயவீரன் சார்,
அங்கே சூப்பர்வைசருக்கு இங்கிலீஷ் வராதாம்.
‘சும்மா’ என்று தட்டினேன்.
கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

மாதம் முடிந்ததும் அறிக்கை:
எண் பதினேழு, தினமும் பத்து நாற்பதுக்கு
நான்கு நிமிடம் சும்மா.
இருபத்தாறு நாளில் நூற்று நான்கு நிமிடம்.
அதை ரூபாயாக்கிக் கழிக்கிற சூத்திரமும்
நான் எழுதியதுதான்.

சரிபார்க்கப் போனேன்.
கடலூர் முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே
உப்பனாற்றுக் காற்றில் டீசல் வாடை.
கொட்டகைக்குள் நீலத் தொப்பிகள்,
கணுக்கால் வரை தண்ணீர்.
எண் பதினேழுக்கு
அஞ்சலாட்சி என்று ஒரு பெயர் இருந்தது.

பத்து நாற்பது. டீத் தூக்கு வந்தது.
டம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை.
இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
விடியற்காலை ஐந்திலிருந்து ஐஸுக்குள் கிடந்த விரல்கள்,
வெளுத்து, நுனி சுருங்கி,
வேறு யாருடையவோ போல.
அவை திரும்பவும் அவளுடையவை ஆகும் வரை நின்றாள்.
அவ்வளவுதான் அந்த நான்கு நிமிடம்.
ஆறிய டீ பக்கத்துப் பெண்ணுக்குப் போனது.

பக்கத்துப் பெண் கொளஞ்சி.
என் பட்டியலில் முதலிடம், எப்போதும் பச்சை.
நின்று பார்த்த பிறகுதான் தெரிந்தது:
மூன்றாம் கேமராவுக்கு முதுகைக் காட்டி
அஞ்சலாட்சியின் தட்டிலும் அவளே உரித்துப் போடுகிறாள்.
எடை ஒருநாளும் குறைந்ததில்லை.
நான்தான் எடையைக் கேட்கவே இல்லை.

“இத வச்சது நீதானாம்மா?”
கோபமில்லை குரலில்.
“உன் ஆபீஸ்ல உன் தலைக்கு மேல என்ன இருக்கு?”
ஃபேன் என்றேன்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
சிரித்திருக்கக் கூடாது.

லாஸ்பேட்டையில், மூன்றாம் மாடி ஜன்னலோரம்
இருபது நிமிடம்கூட நிற்பேன்,
எதிர்மாடியில் காயும் வேட்டியைப் பார்த்தபடி.
அதற்கு யோசனை என்று பெயர். சம்பளம் உண்டு.

சும்மாதான் வந்தேன் என்பாள் தோழி,
ஒரு மணி நேரம் கழித்து அழுவாள்.
சும்மா கேட்டேன் என்பார் அப்பா,
சட்டைப் பையில் மருந்துச் சீட்டு துருத்திக்கொண்டிருக்கும்.
இவ்வளவையும் தாங்குகிற சொல்லைத்தான்
சிவப்பு டப்பாவில் அடைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது பின்சுவரைப் பார்த்தேன்.
ஐஸ் மிஷினின் அம்மோனியா குழாய், துருவேறி,
முள் நடுங்கும் ஒரு மீட்டர்.
அதைப் பார்க்க ஆறில் ஒரு கேமராகூட இல்லை.
பத்தடி தள்ளி முப்பத்தாறு பெண்கள்.

அன்றிரவே கட்டத்தை எடுத்துவிட்டேன்.
மூன்றாம் கேமராவைக் குழாய்ப் பக்கம் திருப்பச் சொன்னேன்.
“அவங்க காசு கொடுத்தது கையைப் பார்க்க,”
என்றார் ஜெயவீரன் சார். “எழுத்துல கொடு.”

படிவம் திறந்தது. நீக்கக் காரணம்?
சும்மா என்று தட்டினேன்.
ஏற்கவில்லை. குறைந்தது இருபது எழுத்து வேண்டுமாம்.

டம்ளர் சூடாக இருந்தது,
கை சில்லிட்டிருந்தது
என்று எழுதினேன்.

எண்ணிப் பார்த்துவிட்டுப் போதும் என்றது படிவம்.
சார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.