இடி, மின்னல்: வி. ஒகஸ்ட்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன மூன்று தகடுகள்,
குமிழ்ப் பொலித்தீன் சுற்றி, ‘கண்ணாடி, கவனம்’ என்று ஒட்டி.
கண்ணாடி இல்லை, அலுமினியம்.
உடையாது என்பதற்காகவே கூடக் காசு கொடுத்திருந்தேன்.

அரசடியில் என் பல் கிளினிக்.
வாசல் அறையில் இருப்பவர்கள் பார்க்க ஏதாவது வேண்டும்.
முன்பு தொங்கியது கடைவாய்ப் பல்லின் வெட்டுமுகம்,
சொத்தை நரம்பைத் தொடும் இடம் சிவப்பில்.
அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர்
முறை வருவதற்குள் எழுந்து போனார்கள்.

ஆகவே நாடகம்.
கல்முனையில் பழைய பேப்பர் நிறுக்கும் கடையில்
ஒரு கட்டு கிடைத்தது:
டிக்கெட், நோட்டீஸ், ஒரு ராஜாவின் போட்டோ.

விரல் நீள டிக்கெட் இப்போது கதவளவு.
கலரி, ஐம்பது சதம்.
ஊசி குத்திய துளை ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
யாரோ எண்ணெய்க் கையால் பிடித்த ரேகை
நுளம்புச்சுருள் போல வட்டம் வட்டமாய்.
வடை தின்றுகொண்டே வந்தவராக இருக்கும்.
ராஜாவின் முடியில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் தெரிகிறது.
சின்னப் படமாக இருந்தவரை அவர் ராஜாதான்.
இவ்வளவு பெரிதாக்கினால்
யாருக்கும் பசை தெரியத்தான் செய்யும்.

றிபாஸ் சுவரில் துளையிடத் தொடங்கினான்.
“உள்ளுக்க ஆருக்கோ!” என்று ஒரு தாய் பிள்ளையை அணைத்தாள்.
வெளியே வந்து இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினேன்.
“சுவருக்கு, அம்மா. சுவருக்கு.”

இடது கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.
நிலத்தில் சாய்த்திருந்த நோட்டீஸின் முன் குந்தி
ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.
25-11-78 சனி மாலை 6.30.
கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.
மழை வந்தாலும் நாடகம் நடைபெறும்.

“இது நடக்கல்ல, டொக்டர்.”
“எது?”
“இந்த நாடகம். வியாழன் ராவு சூறாவளி.
மண்டபத்துக் கூரையில ஒரு தகரம் மிஞ்சல்ல.
மறுகா எங்கால சனிக்கிழமை?”

கடைசி வரியில் விரல் வைத்தார்.
இடி, மின்னல்: வி. ஒகஸ்ட்.
“ஒக்கஸ். வில்பிரட் ஒக்கஸ்.
அச்சுக்கூடத்தான் என்ன மாசமாக்கிப்போட்டான்.”

பதினேழு வயதாம். ஆறடித் தகரமாம்.
மூன்றாம் காட்சியில் ராஜா தம்பியிடம் பொய் சொல்வார்,
அந்தப் பொய்யின் வாய் மூட முன்னம் இடி விழவேண்டும்.
“பிந்தினா சனம் சிரிக்கும்.
மூண்டு கிழமை பழகினன்.”

பேசியபடியே தகட்டின் இரண்டு மூலையைப் பிடித்தார்.
“மெல்லிசு,” என்றார், மீன் எடை பார்ப்பவர் போல.
பிறகு அசைத்தார்.

முதலில் பழைய கல்லடிப் பாலத்தில்
தூரத்தே ஒரு லொறி ஏறியது.
மணிக்கட்டைத் திருப்பினார்: லொறி எங்கள் மேல் ஏறியது.
றிபாஸ் ஏணியை விட்டு இறங்கிவிட்டான்.
பிள்ளை காதைப் பொத்தி வாயைத் திறந்தது,
நான் அரை மணி கெஞ்சியும் திறக்காத வாய்.
தகடு சாயும்போதெல்லாம் டியூப்லைட் அதில் பட்டு
கூரை முழுக்க வெள்ளையாய் ஓடியது.
இடி மட்டுமில்லை, மின்னலும் அவர்தானே.
சுவரில் ராஜா
அப்போதுதான் ஏதோ சொல்லி முடித்தவர் போல இருந்தார்.

“காணும்,” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கீழ் இடது கடைவாய். இரண்டு வேர், ஒன்று வளைந்தது.
இருபது நிமிடம்; ஒரு சத்தம் இல்லை.
வெளியே றிபாஸ் குரல் கொடுத்தான்,
நோட்டீஸுக்கு நாலு திருகாணியும் போடவா?
மேலே இரண்டு காணும் என்றேன்.
கீழ்ப்பக்கம் சும்மா கிடக்கட்டும்.

போகும்போது பஞ்சைக் கடித்தபடி
ரசீதுக்குக் கை நீட்டினார்.
மூக்குக்கண்ணாடி போட்டு
தொகையைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்.
‘க்’ இருந்தது. ‘ட்’ இல்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.