நரம்பு

தூண்டில் நரம்புதான்.
விரல் நீளம் வெட்டி
பேனா போன்ற பிடியில் செருகியிருக்கிறார்கள்.
பரனீகோவுக்குப் பார்த்ததும் சிரிப்பு:
"இதில் நெத்திலிகூடச் சிக்காதே, நர்ஸ்."

தராவாவில், படகுத்துறைக்குப் பின்னால்,
தண்ணீர்த் தொட்டி நிழலில்
பாய் விரித்துப் படுக்கவைத்தேன்.
கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.
நரம்பு படும்போதெல்லாம் "ஆம்" சொல்லுங்கள்.

கட்டைவிரல் நுனி.
ஓர் அலை வந்து போனது.
நடுவிரல்.
பக்கத்து வீட்டுச் சேவல்.
விரலடி மேடு, பாதத்தின் உட்பக்கம், வெளிப்பக்கம்.
நரம்பு வளையும் மட்டும் அழுத்தி, எடுத்து,
அடுத்த இடம், அடுத்த இடம்.
பொறுமையாகக் கிடந்தார்.
பிறகு கண் திறக்காமலே கேட்டார்:
"எப்போது தொடங்குவாய்?"

அவர் மனைவி ரூட்டா என்னைப் பார்த்தாள்.
நான் நரம்பைத் துடைத்தேன்,
துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

நாற்பது பாகம் ஆழத்தில்
மீன் இரையை முகர்ந்துவிட்டு விலகுவது
இந்த மனிதரின் சுட்டுவிரலுக்குத் தெரியும்.
சூரையா சுறாவா என்று இழுக்கும் முன்பே சொல்வார்.
ஆறடிக்குள் இருக்கும் தன் காலிலிருந்து
அவருக்குச் சேதி வருவதில்லை.

இடது பாதத்தைத் திருப்பி
சுண்டுவிரலை விலக்கினேன்.
அரிசி அளவு பவளப்பாறைச் சில்லு.
சுற்றிலும் வெளுத்த தோல்.
அடியில் ஈரம்.
நாற்றம் இன்னும் வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை கடல் வற்றியபோது
சிப்பி பொறுக்கப் போனேன்" என்றார்.
"எந்தச் செவ்வாய்?" என்றாள் ரூட்டா.

நல்லவேளை என்று நான் சொல்லவில்லை.
அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் செலவழிக்கிறேன்.
எங்கள் வார்டில் சில கட்டில்களில்
போர்வை பாதி தூரத்திலேயே படுத்துவிடுகிறது.
எல்லோரும் ஒரு விரலில் தொடங்கியவர்கள்.
"விரல்தானே" என்று சொன்னவர்கள்.
அதற்கும் முன்னால்
"வலிக்கவே இல்லையே" என்று சொன்னவர்கள்.

சாப்பாடு பற்றி அன்று பேசவில்லை.
கப்பல் இறக்குவது அரிசி, மாவு, சர்க்கரை;
அந்தப் பேச்சு நீளும்.
காயத்தைக் கழுவிக் கட்டினேன்.
மாத்திரை. ஊன்றாமல் இருக்க ஒரு கழி.
மூடிய செருப்பு, போடும்முன் கைவிட்டுத் தடவிப் பார்த்து.
குளிக்கும் நீரின் சூட்டை ரூட்டாவின் முழங்கை பார்க்கட்டும்.
"தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்" என்றேன்.
"எப்படி? என் கழுத்து என்ன ஆமைக் கழுத்தா?"

பழைய மினிபஸ்ஸின் பக்கக் கண்ணாடியை
ரூட்டா எங்கிருந்தோ கழற்றி வந்தாள்.
மூலையில் விரிசல்.
இரவு டார்ச் அடித்து அதைத் தரையில் வைத்து
பாதத்தை மேலே பிடிக்கிறார்.
வலையில் கிழிசல் தேடுவதுபோல்,
கண்ணி கண்ணியாக.

ஏழு வாரம் ஆனது ஆற.
ஐந்தாம் வாரம் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் ஊர்க்கூடத்தில்
செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழைய வேண்டும்.
சம்மணமிட வேண்டும்.
யார் பக்கமும் பாதம் நீட்டக் கூடாது.
நல்ல வழக்கம்தான்.
ஆனால் இங்கே யாரும் யாருடைய உள்ளங்காலையும்
கண்டதில்லை,
தன்னுடையதையும்.

போன சனிக்கிழமை பரனீகோ
தன் குடும்பத்தின் இடத்தில் உட்கார்ந்தார்.
கிழங்கு வந்தது, மீன் வந்தது.
பேச்சு ஓய்ந்த ஒரு நேரம்
இடது காலை நடுக்கூடம் நோக்கி நீட்டினார்.
உள்ளங்கால் தெரிய.
ஐந்து விரல்.

ஒரு குழந்தை சிரித்தது, அம்மா வாயைப் பொத்தினாள்.
மற்றபடி கூரையில் காற்று மட்டும்.
"மன்னியுங்கள்" என்றார் அவர், காலை மடக்காமல்.
"பார்க்க வேண்டிய பொருள் இது."

அப்போதுதான் எதிர்த் தூணருகே
காபிரி, நாற்பது வயது இருக்கும்,
பாயின் ஓரத்தைத் தன் வலது காலுக்கு மேல்
மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

நான் பைக்குள் கைவிட்டு
நரம்பைத் தேடினேன்.