இரண்டு மைல்

யூஃபீமியா சீமாட்டியின் கையெழுத்து
சேற்றில் நடந்த கோழியின் கால்தடம்.
பதினாறு வருடம் அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

டிராப்சானில் கோவேறு கழுதைக்கு என்ன வாடகை,
எந்தச் சுல்தான் உப்புக்கு வரி போட்டான்,
அனடோலியாவில் எந்தக் கிணறு குடிக்க ஆகும்,
எல்லாம் அவளுக்கு அத்துப்படி.
மாளிகைக் கூரை ஒழுகும்.
காலால் வாளியை நகர்த்தியபடியே
பேரரசுகள் சரிந்ததைச் சொல்லிக்கொண்டு போவாள்.
நாய் குறட்டை விடும்.

எழுபத்தெட்டாம் வயதில், ஒரு மார்ச் காலை,
அதே பழைய பூட்ஸ், அதே தோல் பை.
எங்கே என்றேன்.
"பள்ளத்தாக்குக்கு."
ஜன்னலில் தெரிகிற பள்ளத்தாக்கு.
இரண்டு மைல்.

நனைந்து திரும்பினாள். சொல்லச் சொல்ல அடித்தேன்:
கூரையற்ற சுவர்கள். அடுப்புக்கல் இருபத்து மூன்று.
மனிதர் குடியிருந்த மண்ணில்தான்
காஞ்சொறி இப்படிச் செழிக்கும்.
ஆடுகள் என்னைக் கண்டு ஒதுங்கவில்லை.
ஏன் ஒதுங்க வேண்டும்?
அவற்றுக்காகத்தானே என் பாட்டனார்
ஊரைக் காலி செய்தார்.

பிறகு பழைய வாடகைப் பேரேட்டைத் திறந்து
கப்பலேற்றப்பட்டவர்களின் பெயர்களை
வாசிக்கத் தொடங்கினாள்,
தலை தூக்காமல்.

பதினான்காவது பெயரில் என் விரல் நின்றது.
டார்மட் மெக்காஸ்கில், மனைவி, ஐந்து பிள்ளைகள்,
ஒரு பசு.
பாக்கி இல்லை.

இயந்திரம் ஓய்ந்ததைக் கேட்டு
"எழுத்து சரிதானா?" என்றாள்.
எட்டிப் பார்த்தேன்.
பேரேட்டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

எங்கள் வீட்டில் எழுதுகிற மாதிரியே
அடித்தேன்.