கண் பட

ஐந்து பூச்சு வார்னிஷ் என்று முடிவு செய்திருந்தேன்.
பதினேழு அடிக் கயாக்.
செடார் மரத்தைக் கால் அங்குலப் பட்டைகளாக அறுத்து
கருஞ்சிவப்பை அடுத்துத் தேன்நிறம், அதை அடுத்து வெளிர்மஞ்சள் என
ஒட்டி ஒட்டி
இரண்டு பனிக்காலம் போயிற்று.
இழைத்து முடித்து ஈரத்துணியால் துடைத்தபோது
மரம் தன் நிறத்தை ஒரு நொடி காட்டியது,
உலர்ந்ததும் மூடிக்கொண்டது.
அந்த நொடியைப் பிடித்து நிறுத்தத்தானே வார்னிஷ்.

வெர்னா ஆலி கொட்டகைக்குள் வந்தாள்,
ரப்பர் கால்சட்டையில் ஹெர்ரிங் மீன் நாற்றத்தோடு.
இந்த மெய்ன் கரையில் எண்ணூறு கூண்டு போட்டு
சிங்கி இறால் பிடிக்கிறவள்.
கயாக்கை ஒரு சுற்று சுற்றினாள். விரலால் தடவினாள்.
“அழகாயிருக்கு.
இது மேலதான் நான் ஏறப்போறேன்.”

சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“காலைல அஞ்சரைக்குக் கிழக்கே போறேன்.
கண்ணாடி பூரா உப்பு, உப்பு பூரா வெயில்.
போன ஆகஸ்ட்ல ஒரு மரக்கட்டையை ஒதுக்கிட்டுப் போனேன்.
தாண்டின பிறகு
கட்டை கையை ஆட்டுச்சு.”

ஐந்து பலகைத் துண்டுகள் எடுத்தேன்.
செங்கல் கட்டிப் பாறைத்திட்டுக்கு அப்பால் மிதக்கவிட்டேன்.
அவளுடைய படகின் சக்கரத்துக்குப் பின்னே நின்று
இருவரும் பார்த்தோம்.

வெள்ளை, காற்று எழும்பும் வரை இருந்தது.
பிறகு அதுவும் ஒரு நுரை.
சிவப்பு பகலெல்லாம் கூவியது,
பொழுது சாய்ந்ததும் முதலில் கறுத்தது அதுதான்.
மஞ்சளில் பச்சைப் பட்டை எனக்குப் பிடித்திருந்தது;
அது பிராசி வீட்டு மிதவை நிறமாம்.
“அடுத்தவன் மிதவை மேல என் கண்ணு நிக்காது” என்றாள்.
வார்னிஷ் அடித்த துண்டு எங்கே என்று நானே கேட்டேன்,
அதை அங்கே போட்ட நானே.
கடற்பாசி ஒன்று புரண்டது. சீல் ஒன்று தலை நீட்டியது.
இரண்டும் அதே பழுப்பு.

ஆரஞ்சு மட்டும்,
சாலை போடுகிறவர்கள் மாட்டும் சட்டையின் ஆரஞ்சு,
முக்கால் மைலில் நின்று
கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது.

கண் பட்டுவிடும் என்று பொட்டு வைத்துக் காக்கும் அழகுகள் உண்டு.
என் கயாக்குக்கோ
கண் படாவிட்டால்தான் சாவு.

பேரம் பேசினேன்.
மேல்தட்டுக்கு மட்டும் ஆரஞ்சு.
அடிப்பாகம் தண்ணீருக்குள்தானே இருக்கும், அது மரமாகவே இருக்கட்டும்.
வெர்னா பதில் சொல்லவில்லை.
பெஞ்சில் கிடந்த கரண்டியை எடுத்து
குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு
காபியைக் குடித்தாள்.

முழுக்க அடித்தேன்.
வெளிர்மஞ்சள் பட்டைகள் ஒரே பூச்சில் போயின.
கருஞ்சிவப்பு மூன்று பூச்சு வரை
தோலுக்கடியில் நரம்பு போலத் தெரிந்தது,
நான்காவதற்கு நான் பார்க்காமல் தூரிகையை இழுத்தேன்.
துடுப்பின் இரண்டு இலைக்கும் அதே ஆரஞ்சு:
கிடப்பதைவிட ஆடுவது முதலில் தெரியும் என்று
யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்த ஒன்று.

ஐந்து பூச்சு வார்னிஷும் வீணாகவில்லை.
உள்ளே அடித்தேன்,
உட்காரும் குழியில், கால் நீட்டும் இருட்டில்.
முழங்கால்களைச் செருகும்போது
ஒரு விரற்கடை வெளிச்சம் உடன் நுழைகிறது.
தேன்நிறம், கருஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள்.
பிறகு நீர்மறைப்பை இழுத்து மாட்டிவிடுகிறேன்.

இன்று மூடுபனி பாதி.
எங்கிருந்தோ ஓர் இயந்திரம் நேராக வருகிறது.
துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறேன்.
வானொலி கரகரக்கிறது:
“தெரியுது, தெரியுது உன் அசிங்கம்.”

சத்தம்
இடப்பக்கமாக விலகிப் போகிறது.