மூன்றாம் மாடியில் பனி

டிசம்பர் என்பதால் சந்தேகம் வரவில்லை.
ஆர்.கே.புரத்தில் விடிந்தும் விடியாத வெள்ளை,
பஸ் நம்பர் மூக்கில் இடிக்கிற தூரத்தில்தான் தெரியும்.
ஊருக்கெல்லாம் பனி, எனக்கும் பனி
என்று பத்து நாள் ஓட்டிவிட்டேன்.

பதினோராம் நாள் ஆபீசில்
வலது கண்ணில் இமைமுடி விழுந்தது. கசக்கினேன்.
இடது கண்ணுக்கு, எதிர் மேஜை நீலம் கௌர்
மூக்கு வரைக்கும்தான் இருந்தாள்.
அதற்குக் கீழே பழுப்பாக ஒரு கசங்கல்.
சிரிக்கிறாளா, ஃபைலைக் கேட்கிறாளா, தெரியவில்லை.
கண்ணை மாற்றிப் பொத்தினேன்:
முழு நீலம், முழு ஜன்னல்,
ட்யூப்லைட்டுக்குள் செத்த பூச்சி.

மூன்றாம் மாடிக்குள் எப்படிப் பனி வரும்?

"தில்காவதி ஜீ" என்று கூப்பிட்டார்கள்.
திலகவதி எழுந்து போனேன்.
சொட்டு விட்டு, பாவை விரியக் காத்திருந்து,
கைநரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள்.
மறுநாள் வரை சிறுநீர் மாம்பழ ஜூஸ்.
விழித்திரையின் மேல்பாதியில்
தீ நாக்கு நாக்காக ரத்தம்.
மேலே கசிந்தால் கீழே மறையுமாம்;
கண்ணுக்குள் உலகம் தலைகீழ்.

டாக்டர் தஹியா சீட்டின் பின்பக்கம்
சிவப்பில் தமனி வரைந்தார், நீலத்தில் சிரை,
குறுக்கிடும் இடத்தில் இரண்டையும் சுற்றி ஒரு வட்டம்.
"ஒரே ரஜாய்க்குள் ரெண்டு பேர்," என்றார் ஹிந்தியில்.
"பிரஷர் ஏற ஏற ஒருத்தர் தடித்து இறுகிப்போகிறார்,
பக்கத்தில் இருப்பவர் நசுங்குகிறார்.
போக வழியில்லாத ரத்தம் தேங்கிக் கசிகிறது."
இருபத்தாறு வருஷம் பரமேசுவரனோடு
ஒரே ரஜாயில் படுத்தவளுக்கு
இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

வலிக்கவே இல்லையே என்றேன்.
வலிக்காது, அதுதான் கஷ்டம் என்றார்.
தலை சுற்றவில்லை என்று தீபாவளியோடு நிறுத்திய மாத்திரை
பீரோவில், அட்டையில் எட்டு மிச்சம்.

கண்ணிலா ஊசி?
கண்ணில்தான்.
மரத்துப்போன வெள்ளையில் ஓர் அழுத்தம்.
பிறகு பார்வைக்குள் கறுப்புக் குமிழ் ஒன்று
வீடு வரை கூடவே வந்தது,
பரமேசுவரன் போட்ட காபியிலும் மிதந்தது.

மாசம் ஒன்று. மூன்று முடிந்தது.
கட்டம் போட்ட தாளை ஃப்ரிஜ்ஜில் ஒட்டித்
தினமும் இடது கண்ணால் பார்க்கிறேன்.
ஆறாவது கோடு இன்னும் இடுப்பை வளைக்கிறது.
நேராகுமா என்றால் டாக்டர்
"பார்க்கலாம்" என்கிறார்,
அந்த வார்த்தையைப் போய் என்னிடம்.

நேற்று வலது கண்ணைப் பொத்தினேன்.
நீலத்துக்கு வாய் வந்திருந்தது, ஓரம் கலங்கலாக.
உதடு வெடித்திருக்கிறது, ஏதாவது பூசு என்றேன்.
போன மாசமே வெடித்தது என்றாள்.