அரை அங்குல வொஷர்

மூன்று இரவாய்க் குசினிப் பைப் சொட்டிக்கொண்டிருந்தது.
பழைய வொஷரை டிஷூவில் சுற்றிக்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
வேலை முடிந்து வெள்ளவத்தையில் இறங்கினேன்.

முதற் கடைப் பெடியன்
போனிலிருந்து தலை எடுக்காமலே "இல்லை" என்றான்.
நான் கேட்டது என்னவென்று
இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அடுத்த கடையில் ஏசி இருந்தது.
"வொஷரா? முழுப் பைப்பையும் மாத்திறதுதான் நல்லது."
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்க்குப்
பளபளக்கும் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள்.
மூன்றாவதில், "தனிய விக்கிறேல்ல, பக்கெட்டாத்தான்."
நூறு வொஷர்.
எனக்கிருப்பது ஒரு குசினி.

மழை பிடித்துக்கொண்டது.

பாமன்கடைச் சந்தி தாண்டி
ஒற்றை பல்ப் எரியும் கடை.
பலகையில் சிங்களத்தில் பியதிலக.
அதன் கீழ் தமிழில் "இருப்பு சமான்".
என் அரைகுறைச் சிங்களத்தில் நான் தொடங்க
தன் கால்வாசித் தமிழில் அவர் முடித்துவைத்தார்.

டிஷூவைப் பிரித்தார்.
விழுந்த பாற்பல்லை ஏந்துவதுபோல
உள்ளங்கையில் அதை வைத்து
நகத்தால் விளிம்பைத் தடவினார்.
"தண்ணி டேங்கியா, மெயினா?"
என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி.
பால்மா டின்னொன்றைப் பழைய பத்திரிகையில் கவிழ்த்தார்.
கறுப்பு வட்டம், செங்கல் நிற வட்டம், பாதி உருகிய வட்டம்.
ஒவ்வொன்றாய் என் பழசோடு ஒட்டிப் பார்த்தார்.
சீமெந்துக்கு வந்தவர் ஒருவர்
என் தோளுக்குப் பின்னால் இருமினார்.
"ஒரு நிமிசம் மாத்தயா, நோனா முதல் வந்தது."

பத்து மூடைச் சீமெந்துக்கு முன்னால்
இருபது ரூபாய் வியாபாரம் நின்றது,
கூச்சத்தோடு.

இரண்டாகத் தந்தார்.
"ஒண்டு சிங்க் ஓட்டைல விழும். எல்லாருக்கும் விழும்."
ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் இல்லை.
"பிறகு வாங்க."
பெயர் கேட்கவில்லை, எழுதிவைக்கவில்லை.
சிரித்தாரா என்றால், அதுவுமில்லை.

நானும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் இருப்பவள்தான்.
கோட்டையில், ஐந்தாம் இலக்கம்,
கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை.
போன மாதம் எங்களை ஹோட்டலொன்றுக்குக் கூட்டிப்போய்ப்
புன்னகைக்கப் பழக்கினார்கள்:
பேனாவைப் பல்லில் கவ்வி ஒரு நிமிடம்,
கன்னம் நோக நோக.
சான்றிதழும் மதியச் சாப்பாடும் தந்தார்கள்.

அன்று காலை டோக்கன் எழுபத்துமூன்று.
"அடையாள அட்டைக் கொப்பி ரெண்டு வேணும்."
பழகிய அதே புன்னகையைப்
படிவத்தைப் பார்த்துப் புன்னகைத்தேன்.
"எங்க எடுக்கலாம் மிஸ்?"
"வெளியில."
வெளியில் மழை.
என் முதுகுக்குப் பின்னால் மூன்றடியில்
கொப்பி மெஷின் சூடாக நின்றது.

எழுபத்துநாலுக்கு பெல்லை அழுத்தினேன்.
அவன் திரும்பி வரவில்லை,
வேறு கவுண்டருக்கு வந்திருக்கவும் கூடும்.
செபமாலை டிக்சன், முகத்துவாரம்.
கிறீஸ் ஏறிய இரண்டு நகங்கள் ஞாபகமிருக்கின்றன.
முகத்தை நான் பார்க்கவேயில்லை.

வீட்டில் முதல் வொஷர்
சிங்க் ஓட்டையில் விழுந்தது.
யாருமில்லாத குசினியில் சிரிப்பு வந்தது,
பேனா இல்லாமல்.
இரண்டாவது பொருந்தியது.

சொட்டுச் சத்தம் நின்ற அந்த இரவில்
நித்திரை வரவில்லை.
எங்க எடுக்கலாம் மிஸ்,
எங்க எடுக்கலாம்.

மறுநாள் ஒருத்திக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.
அதற்கடுத்தவருக்கும்.
"லைன் நீளுது" என்றார் மனேஜர்.
நீண்டதுதான், பொய்யில்லை.
மத்தியானத்துக்குப் பிறகு எனக்கும் எரிச்சல் வந்தது,
ஒருவரிடம் வெடுக்கென்று விழுந்தேன்.
எழுபத்துமூன்று வரும்போது மட்டும்
எப்படியோ தலை நிமிர்ந்துவிடுகிறது.

சனிக்கிழமை இருபது ரூபாய்த் தாளோடு
பாமன்கடைக்குப் போனேன்.
கடன் அவருக்கு நினைவில்லை.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்டு விழுந்ததுதானே?"