ஓதம் ஏறிய அளவு

முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை.
ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு
டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தேன்.
அப்போதுதான் எழுந்து வந்தன
கொப்புளம் கொப்புளமாய்,
பெயிண்டுக்கு அடியில் மூச்சுமுட்டிக் கிடந்தவை.

பக்கத்தில் ஒரு ரூபாய், அளவு தெரிவதற்கு.
செல்லோடேப் ஈரத்தில் ஒட்டாமல்
மூன்று முறை கட்டிலுக்கடியில் உருண்டது.
நான்காம் முறை பிரணிதா பிடித்துக்கொண்டாள்.
அவள் கட்டைவிரலும் படத்தில் இருக்கிறது,
நகத்தில் பாதி அழிந்த மருதாணி.

லேபில் எனக்கு இதுதான் வேலை.
குப்பியில் பெயர், தேதி, நேரம்.
பெயரில்லாத ரத்தம் யாருடைய ரத்தமும் இல்லை.
ஆகவே சுவரில் பென்சிலால் கோடு போட்டேன்:
அக்டோபர் 9, தரையிலிருந்து அரை அடி.
17, ப்ளக் பாயின்ட்டுக்கு நான்கு விரற்கடை கீழே.
23, ப்ளக் பாயின்ட்.
அன்றிலிருந்து போனைச் சமையலறையில் சார்ஜ் போடுகிறோம்.

உப்பு பூத்ததை எழுதினேன்.
ஊறிய கோணி வாசனையைப் படம் எடுக்க முடியாது,
அதையும் எழுதினேன்.
பிள்ளை இரவில் எத்தனை முறை இருமினாள் என்பதை மட்டும்
எழுதி அடித்துவிட்டேன்.
இரக்கம் கேட்பதுபோல் இருந்தது.

வீட்டுக்காரர் முனிரத்தினம் ஓசூரில் இருக்கிறார்.
"நீங்க குடிவந்தப்போ சுவரு
கண்ணாடி மாதிரி இருந்துச்சும்மா.
துணிய உள்ளயே காயப்போடுவீங்க போல."
அட்வான்ஸைப் பற்றி
ஒரு வார்த்தையும் பேசாமல் பேசி வைத்தார்.

பழையபேட்டையில் அன்று நல்ல வெயில்.
ஜன்னலில் சையத் பாஷா மலை
பாறை பாறையாய்க் காய்ந்துகொண்டிருந்தது.
ஓதத்துக்குக் கடலலை என்றும் பொருள் உண்டாம்.
இந்த ஊருக்கு எந்தக் கடல்?

பத்தாவது படத்துக்காக
உப்பிய இடத்தை நகத்தால் நெம்பினேன்.
ஒரு முழத்துக்கு உரிந்து வந்தது.
அடியில் பழைய நீலம்.
நீலத்தில் ஒரு கோடு,
நான் போட்டதல்ல.
பேனா, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து:
12.11.15 இதுவரை.
அதற்கு மேலே
20.11.15 சொல்லியாச்சு.
அதற்கும் மேலே
4.12.15 திரும்பவும் சொல்லியாச்சு.
அப்புறம் வெறும் நீலம்.

ஆணா பெண்ணா தெரியாது.
கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார்களோ.

விளக்கை அணைத்தேன்.
நாணயத்தைக் கேட்காமலே எடுத்து வந்தாள் பிரணிதா,
இம்முறை கை நடுங்காமல் பிடித்தாள்.

பதினொரு படங்களும் போய்ச் சேர்ந்த பிறகு
பென்சிலைத் தேடி எடுத்து
23-க்குப் பக்கத்தில்
நானும் எழுதினேன்:
சொல்லியாச்சு.